எழுத்து அளவு 18 என்று தட்டினால் 68 ஆகிறது: எடிட்டரின் அமைப்புப் பெட்டியில் பிழை

செம்பனைச்சாலை:

எல்லாருக்கும் வணக்கம். நான் மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். எங்கள் தோட்டத்து மண்டபத்தில் சில பழைய கணினிகளைப் போட்டு, மாலையில் பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் தமிழில் தட்டச்சு பழக்குகிறோம். எல்லாம் லினக்ஸ். எழுதுவதற்கு ஒரு திறமூல எடிட்டர். புதிய வெளியீட்டைப் போட்டதிலிருந்து அதன் அமைப்புகள் பக்கத்தில் எதையும் ஒழுங்காக நிரப்ப முடியவில்லை.

முதலாவது, எழுத்து அளவு. பெட்டியில் இருப்பதை முழுக்கத் தேர்ந்தெடுத்து அதன் மேலேயே 18 என்று தட்டினால் 68 வருகிறது. 14 என்று தட்டினால் 64. திரை முழுக்க நான்கு எழுத்துதான் தெரிகிறது.

இரண்டாவது, சொல் நிரப்பல் பட்டியல். முதல் சில எழுத்துகளைத் தட்டினால் முழுச் சொல்லையும் எடுத்துக் கொடுக்கும் வசதி இது. நமக்கு வேண்டிய சொற்களை வரிக்கு ஒன்றாக நாமே சேர்க்கலாம். அதில் 'தஞ்சோங் ரம்புத்தான்' என்ற ஊர்ப்பெயரைத் தட்டினால் நடு இடைவெளி விழுந்துவிட்டு 'தஞ்சோங்ரம்புத்தான்' ஆகிவிடுகிறது. சில நேரம் எழுத்துகள் இரட்டிக்கின்றன, சில நேரம் காணாமல் போகின்றன.

எங்களிடம் வருகிறவர்களில் ஓய்வுபெற்ற கிராணி (தோட்ட எழுத்தர்) ஐயா ஒருவர் இருக்கிறார். தோட்டத்துக் கதையை எழுதிக்கொண்டிருக்கிறார். பார்வை மங்கல். அவருக்குப் பெரிய எழுத்து வேண்டும், சொல் நிரப்பலும் வேண்டும். அவருக்காகவாவது இதைச் சரிசெய்ய வழி சொல்லுங்கள்.

கோலாகங்சார் வாத்தியார்:

இப்போதைக்கு ஒரு வழி. பெட்டியில் முதலில் 8 மட்டும் தட்டுங்கள். அப்புறம் கர்சரை 8-க்கு முன்னால் கொண்டுபோய் 1 தட்டுங்கள். 18 வந்துவிடும். இல்லாவிட்டால் வேறிடத்தில் 18 என்று எழுதி நகலெடுத்து ஒட்டலாம். அமைப்புகளைச் சேமிக்கும் கோப்பை நேரடியாகத் திறந்து திருத்தினாலும் சரி. எங்கள் தமிழ்ப்பள்ளிக் கணினி அறையில் இப்படித்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறோம். ஆனால் பிள்ளைகளிடம் கோப்பைத் திறக்கச் சொல்ல மனம் வரவில்லை. ஒரு காற்புள்ளி போனாலும் மொத்த அமைப்பும் போய்விடும்.

ஈப்போ நிரலன்:

சகோதரி, சில விஷயங்களைச் சோதித்துச் சொல்ல முடியுமா? ஆங்கில விசைப்பலகையிலும் 18 இப்படி மாறுகிறதா? ஆங்கிலத்தில் இரண்டு சொற்களைத் தட்டினாலும் இடைவெளி விழுகிறதா? தமிழுக்கு எந்த உள்ளீட்டு முறை? எழுத்து இரட்டிக்கும்போது தட்டுகிற சொல்லுக்கு அடியில் கோடு தெரிகிறதா?

செம்பனைச்சாலை:

சோதித்துவிட்டேன் அண்ணே. 18 எந்த விசைப்பலகையிலும் 68 ஆகிறது. இடைவெளி ஆங்கிலத்திலும் விழுகிறது. எழுத்து இரட்டிப்பது தமிழில் மட்டும்தான், அதுவும் லினக்ஸில் ஐபஸ் என்ற உள்ளீட்டு நிரல் வழியாக எம்17என் தமிழ்99 விசைப்பலகை போட்ட கணினிகளில். அங்கே தட்டும்போது அடிக்கோடு தெரிகிறது. நண்பர் ஒருவரின் விண்டோஸ் மடிக்கணினியில் எழுத்து இரட்டிக்கவில்லை. இடைவெளி மட்டும் அங்கேயும் விழுகிறது.

ஈப்போ நிரலன்:

நல்ல சோதனை. இதை வைத்து மூலநிரலைப் படித்துப் பார்த்தேன். மூன்று பிழை போலத் தெரிந்தாலும் வேர் ஒன்றுதான். கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உலாவியில் ஓர் உள்ளீட்டுப் பெட்டி இரண்டு வகைச் செய்தி அனுப்பும். 'இன்புட்' என்ற நிகழ்வு ஒவ்வொரு விசைக்கும் வரும். 'சேஞ்ச்' என்ற நிகழ்வு நாம் எழுதி முடித்துவிட்டு என்டர் தட்டும்போதோ பெட்டியை விட்டு வெளியேறும்போதோ வரும். இந்த எடிட்டர் எலெக்ட்ரானில் கட்டியது. அதாவது உள்ளே ஓடுவது குரோம் உலாவியின் அடிப்படையான குரோமியம்தான். அதனால் உலாவியின் விதிகள் இதற்கும் அப்படியே பொருந்தும்.

பழைய வெளியீட்டில் எழுத்து அளவை 'சேஞ்ச்' வந்த பிறகு சரிபார்த்தார்கள். யாரோ பெட்டியைக் காலியாக விட்டிருக்கிறார்கள். ஜாவாஸ்கிரிப்டில் காலிச் சரத்தை எண்ணாக மாற்றினால் 0 வரும். எழுத்து அளவு 0 ஆகித் திரையே வெறிச்சோடிவிட்டது. அதைத் தடுக்கப் புதிய வெளியீட்டில் சரிபார்ப்பை 'இன்புட்' நிகழ்வுக்கு மாற்றிவிட்டார்கள். குறைந்த அளவு 6, அதிக அளவு 100. இந்த எல்லைக்கு வெளியே எது வந்தாலும் எல்லைக்குள் இழுத்து, அந்த மதிப்பையே பெட்டியில் திரும்ப எழுதுகிறார்கள்.

இப்போது 18 தட்டிப் பாருங்கள். 1 விழுந்தவுடன் அது 6-க்குக் கீழே இருப்பதால் 6 ஆகிறது. நிரல் பெட்டிக்குப் புது மதிப்பு கொடுத்தால் கர்சர் கடைசிக்குப் போகும் என்பது எச்டிஎம்எல் விதி. அடுத்து 8 தட்டுகிறோம், 68. வாத்தியார் சொன்ன குறுக்குவழி ஏன் வேலை செய்கிறது என்பதும் இதிலேயே இருக்கிறது. 8 எல்லைக்குள் இருப்பதால் நிரல் அதைத் தொடவில்லை, முன்னால் 1 சேர்த்த பிறகு வரும் 18-ஐயும் தொடவில்லை.

சொல் பட்டியலிலும் இதே கதை. ஒவ்வொரு விசைக்கும் முன்னும் பின்னும் உள்ள வெற்றிடத்தை வெட்டிவிட்டுப் பெட்டியில் திரும்ப எழுதுகிறார்கள். 'தஞ்சோங்' முடிந்து இடைவெளி தட்டும் அந்த நொடியில் அது கடைசியில் இருக்கும் வெற்றிடம்தான். உடனே வெட்டுப்படுகிறது.

எழுத்து இரட்டிப்பது ஏன்? ஐபஸ் போன்ற உள்ளீட்டு முறைகளில் நாம் தட்டும் எழுத்து உடனே உறுதியாவதில்லை. அடுத்த விசையைப் பார்த்து மெய்யாகவோ உயிர்மெய்யாகவோ மாறக் காத்திருக்கும். அடிக்கோடு காட்டுவது அந்த நிலையைத்தான். இதற்குக் 'கம்போசிஷன்' என்று பெயர். அது தொடங்கும்போதும் நடக்கும்போதும் முடியும்போதும் உலாவி தனித்தனி நிகழ்வுகளை அனுப்பும். நடுவில் நிரல் உள்ளே புகுந்து பெட்டியின் மதிப்பை மாற்றினால், உள்ளீட்டு முறை தன்னிடம் வைத்திருக்கும் எழுத்தும் பெட்டியில் இருக்கும் எழுத்தும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாமல் போகும். அப்போதுதான் எழுத்து இரட்டிக்கிறது அல்லது விழுகிறது. விண்டோஸில் நண்பர் பயன்படுத்தும் விசைப்பலகை எழுத்தை நேராக அனுப்பும் வகையாக இருந்தால் இந்தச் சிக்கல் வராது.

ஆக, எழுதுகிறவர் முடிப்பதற்குள் பெட்டியில் கை வைக்கிறார்கள். பிழை இதுதான்.

பினாங்கு மாணவன்:

அருமையான விளக்கம் அண்ணா. இதற்கு டீபவுன்ஸ் போதுமே? கடைசி விசைக்குப் பிறகு அரை வினாடி பொறுத்துச் சரிபார்த்தால் 18 முழுசாக வந்துவிடும். ஒரு வரி மாற்றம்தான். நானே திருத்தம் அனுப்பத் தயார்.

செம்பனைச்சாலை:

தம்பி, அனுப்ப முன்வந்ததற்கு நன்றி. ஆனால் அரை வினாடி எங்கள் மண்டபத்தில் யாருக்கும் போதாது. இங்கே வருகிறவர்கள் முக்கால்வாசிப் பேர் பால்மரம் வெட்டியவர்கள், வெளிக்காட்டு வேலை பார்த்தவர்கள். ஒற்றை விரலால் தட்டுகிறார்கள். 1 தட்டியபின் 8 எங்கே என்று கண்ணாடியை ஏற்றிவிட்டுத் தேடுவார்கள். அரை வினாடியை மூன்று வினாடி ஆக்கினாலும் யாரோ ஒருவருக்கு அது குறைவாகத்தான் இருக்கும். வேகமாகத் தட்டுபவருக்குப் பிழை மறைந்துவிடும், மெதுவாகத் தட்டுபவருக்கு மட்டும் நிற்கும். அப்போது அவர்கள் "எனக்குத்தான் இது வரவில்லை" என்று நினைத்துக்கொள்வார்கள். இதைத்தான் நான் தினமும் பார்க்கிறேன். கணினி தப்புச் செய்யும்போது அவர்கள் என்னிடம் மன்னிப்புக் கேட்கிறார்கள்.

பினாங்கு மாணவன்:

புரிகிறது அக்கா. அப்படியென்றால் டீபவுன்ஸ் வேண்டாம்.

பழைய கிராணி:

பிள்ளைகளே, வணக்கம். என்னைப் பற்றிப் பேசுகிறீர்கள் என்று இந்தப் பிள்ளை காட்டினார். அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, நானே தட்டுகிறேன்.

நான் தோட்டத்து ஆபீசில் கிராணி வேலை பார்த்தவன். விடியும் முன்பே பெரட்டுக்குப் போய், பெயர் கூப்பிட்டு, யார் எந்த மலைக்கு என்று கங்காணி பிரித்துவிட்ட பின் செக்ரோல் என்ற வேலைப் பதிவேட்டில் பதிவேன். அந்தப் புத்தகத்தில் ஓர் எண் மாறினால் ஒரு குடும்பத்தின் சம்பளம் மாறிவிடும். அதனால் சரிபார்ப்பு வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். பெரிய கிராணி என் கணக்கை வரிவரியாகப் பார்ப்பார். ஆனால் நான் எழுதி முடித்த பிறகுதான் பார்ப்பார். 18 எழுத 1 போட்டவுடன் என் கையைப் பிடித்து 6 போட்டது கிடையாது.

என்ன எழுதுகிறேன் என்று கேட்டால், தோட்டத் துண்டாடல் காலத்தை. பெரிய தோட்டங்களைக் கூறுபோட்டு விற்றபோது லயத்து வீட்டை (தோட்டத்து வரிசை வீட்டை) விட்டு எங்கே போவது என்று தெரியாமல் நின்ற குடும்பங்கள் உண்டு. 1960-ல் மலாயா இந்தியர் காங்கிரஸ் தலைவராக இருந்த துன் சம்பந்தன் முன்னின்று தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கி, தொழிலாளர் கையிலேயே பங்கு கொடுத்துத் தோட்டங்களை வாங்கினார்கள். அந்தக் காலத்தைக் கண்ணால் பார்த்தவர்கள் எங்கள் பக்கத்தில் குறைந்துகொண்டே போகிறார்கள். பெரட்டு, செக்ரோல், ஒட்டுப்பால், மங்கு, அயக்கொட்டகை என்று திரும்பத் திரும்ப வரும் சொற்கள் நிறைய. பட்டியலில் போட்டுவைத்தால் என் விரலுக்குப் பாதி வேலை குறையும். ஊர்ப்பெயர்களோ பாதிக்கு மேல் இரண்டு சொல்: பாகான் செராய், பாரிட் புந்தார், தெலுக் இந்தான். ஒன்றும் நிற்கமாட்டேன் என்கிறது.

உங்கள் உழைப்புக்கு என் நன்றி.

ஈப்போ நிரலன்:

ஐயா, நீங்கள் சொன்னதை அப்படியே ஆங்கிலத்தில் எழுதிப் பிழை அறிக்கையில் சேர்த்துவிட்டேன். நாங்கள் சொல்ல வந்ததை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

மூலநிரல்:

இந்த எடிட்டருக்கு அவ்வப்போது நிரல் பங்களிப்பவன். பராமரிப்பாளர்கள் உங்கள் அறிக்கையைப் பார்த்துவிட்டார்கள். 'சேஞ்ச்' நிகழ்வுக்கே திரும்பிப் போவதில் அவர்களுக்கு ஒரு தயக்கம் இருக்கிறது, அதில் நியாயமும் உண்டு. எழுத்து அளவை மாற்றும்போதே பக்கத்தில் எழுத்து பெரிதாவதும் சிறிதாவதும் தெரிய வேண்டும் என்று பயனர்கள் கேட்டு வாங்கிய வசதி அது. பார்வை குறைந்தவர்களுக்குத்தான் அது அதிகம் தேவை. எத்தனை அளவு போதும் என்று கண்ணால் பார்த்து முடிவு செய்வார்கள். உடனடி முன்னோட்டத்தை எடுத்துவிட்டால் கிராணி ஐயாவுக்கே நட்டம்.

செம்பனைச்சாலை:

அது உண்மைதான். ஐயா ஒவ்வோர் அளவாக ஏற்றிப் பார்த்துத்தான் 18 போதும் என்றார்.

ஈப்போ நிரலன்:

முன்னோட்டம் இருக்கட்டும். இரண்டையும் சேர்த்தே செய்யலாம். பெட்டியில் தெரியும் எழுத்து வேறு, எடிட்டர் பயன்படுத்தும் மதிப்பு வேறு என்று பிரித்துவிட வேண்டும்.

பெட்டியில் தெரிவது வரைவு. அது சரமாகவே இருக்கும், எண்ணாக மாற்றித் திரும்ப எழுதக்கூடாது. ஒவ்வொரு விசைக்கும் அந்த வரைவைப் படித்துப் பார்க்கலாம். எல்லைக்குள் இருந்தால் முன்னோட்டத்தில் காட்டலாம். இல்லாவிட்டால் பழைய அளவிலேயே விட்டுவிட்டு, பெட்டிக்குக் கீழே "6 முதல் 100 வரை" என்று ஒரு குறிப்பு. பெட்டியைத் தொடவே வேண்டாம். 18 தட்டினால், 1-க்கு ஒன்றும் நடக்காது, 18 ஆனவுடன் எழுத்து பெரிதாகும். 100 தட்டுகிறவருக்கு நடுவில் ஒரு கணம் 10 தெரியும். அது பரவாயில்லை.

கோப்பில் எழுதுவது 'சேஞ்ச்' வந்த பிறகு மட்டும். வெற்றிடம் வெட்டுவதும் அப்போதுதான். அந்த நேரத்தில் வரைவு காலியாகவோ தப்பாகவோ இருந்தால் முன்பிருந்த மதிப்பைத் திரும்பக் காட்டினால் போதும். எழுத்து அளவு 0 ஆகும் பழைய பிழையும் திரும்பாது.

ஒன்று மறக்கக்கூடாது. யாராவது தட்டிக்கொண்டிருக்கும்போது அமைப்புக் கோப்பு வெளியிலிருந்து மாறலாம். வேறு சாளரத்தில் மாற்றியிருக்கலாம், ஒத்திசைவு வழியாக வந்திருக்கலாம். அப்போதும் கர்சர் உள்ளே இருக்கும் பெட்டியை விட்டுவிட்டு மற்றவற்றை மட்டும் புதுப்பிக்க வேண்டும்.

மூலநிரல்:

இதைப் பராமரிப்பாளர்கள் ஏற்பார்கள் என்று நினைக்கிறேன். இன்னொரு மூலையையும் பார்க்க வேண்டும். பயனர் தட்டிவிட்டு, என்டரும் அடிக்காமல், அமைப்புகள் தாவலை அப்படியே மூடிவிடுவார். பெட்டியே பக்கத்திலிருந்து நீக்கப்படும்போது 'சேஞ்ச்' வரும் என்று நம்பி இருக்கக்கூடாது. தாவல் மூடும் இடத்தில் மீதமுள்ள வரைவுகளை நாமே பதிந்துவிட வேண்டும். எஸ்கேப் தட்டினால் வரைவைக் கைவிட்டுப் பழைய மதிப்பு.

கோலாகங்சார் வாத்தியார்:

என்டரைப் பற்றி ஒரு கேள்வி. சில உள்ளீட்டு முறைகளில் அடிக்கோடு போட்ட எழுத்தை உறுதிசெய்யவே என்டர் தட்டுவார்கள். அதை "எழுதி முடித்துவிட்டேன்" என்று எடுத்துக்கொண்டால் பாதிச் சொல் பதிவாகிவிடாதா?

ஈப்போ நிரலன்:

சரியான இடத்தைத் தொட்டீர்கள் சார். சீன, ஜப்பானிய மொழி பேசுவோர் எத்தனையோ செயலிகளில் அனுபவிக்கும் தொல்லை இது. சொல்லைத் தேர்ந்தெடுக்க என்டர் தட்டினால் செய்தியே போய்விடும். விசை நிகழ்வில் 'இஸ்கம்போசிங்' என்று ஒரு பண்பு உண்டு. அது உண்மை என்றால் அந்த என்டரை விட்டுவிட வேண்டும். ஆனால் இந்த எடிட்டருக்கு உலாவியில் ஓடும் பதிப்பும் இருக்கிறது. அதைச் சஃபாரியில் திறப்பவர்களுக்கு இது மட்டும் போதாது. அங்கே கம்போசிஷன் முடிந்த செய்தி முதலில் வந்துவிட்டு என்டரின் செய்தி பிறகு வரும். அதனால் 'இஸ்கம்போசிங்' பொய் என்றே காட்டும். அந்த என்டருக்குக் கீகோட், அதாவது விசையின் எண், 229 ஆக இருக்கும். அதையும் சேர்த்துச் சோதிக்க வேண்டும். கீகோட் பழையது, கைவிடச் சொல்லிவிட்டார்கள் என்றாலும் இந்த இடத்தில் அது இல்லாமல் முடியாது.

இணையப் பக்கங்களைக் கட்ட உதவும் வியூ சட்டகத்தில், பெட்டியையும் மதிப்பையும் இணைக்கும் 'வி-மாடல்' கம்போசிஷன் முடியும் வரை மதிப்பைப் புதுப்பிக்காது என்று அதன் ஆவணத்திலேயே போட்டிருக்கிறார்கள். இந்த எடிட்டர் தன் படிவங்களைத் தானே கட்டியிருப்பதால் அந்தப் பாதுகாப்பு இல்லை.

பினாங்கு மாணவன்:

இவ்வளவு தெளிவான பிழை அவர்களின் தானியங்கிச் சோதனையில் ஏன் அகப்படவில்லை என்று தேடிப் பார்த்தேன். சோதனையெல்லாம் பிளேரைட் என்ற உலாவிச் சோதனைக் கருவியில் இருக்கிறது. எழுத்து அளவுப் பெட்டியை 'ஃபில்' கட்டளையால் நிரப்புகிறார்கள். அது 18-ஐ ஒரே வீச்சில் போட்டு ஒரே ஒரு 'இன்புட்' நிகழ்வை அனுப்பும். நடுவில் 1 மட்டும் இருக்கும் நிலையே வராது. நகலெடுத்து ஒட்டினால் வேலை செய்கிறது என்று வாத்தியார் சொன்னதும் இதனால்தான்.

விசை விசையாகத் தட்டும் கட்டளைக்கு மாற்றினேன். பழைய நிரலில் சோதனை உடனே 68 என்று தோற்றது! கம்போசிஷனுக்கு அதுவும் போதாது, ஏனென்றால் அது வெறும் விசைகளைத்தான் அனுப்பும். குரோம் டெவ்டூல்ஸ் நெறிமுறையில் கம்போசிஷனையே அமைக்க ஒரு கட்டளை இருக்கிறது. அதை வைத்து 'கங்காணி' என்ற சொல்லைப் படிப்படியாகத் தட்டும் சோதனை ஒன்று எழுதியிருக்கிறேன். அனுப்பட்டுமா?

ஈப்போ நிரலன்:

அனுப்பு தம்பி. திருத்தத்தைவிட அந்தச் சோதனைதான் முக்கியம். அடுத்த வெளியீட்டில் வேறு யாராவது நல்லெண்ணத்தோடு இதே சரிபார்ப்பைத் திரும்பக் கொண்டுவந்தால் அதுதான் பிடித்து நிறுத்தும்.

மூலநிரல்:

மதிப்பாய்வில் ஒருவர் எண் பெட்டியின் வகையை 'நம்பர்' என்றே வைத்திருக்கலாமா என்று கேட்டிருக்கிறார். நான் 'டெக்ஸ்ட்' வகைக்கு மாற்றி, எண் விசைப்பலகை வரும்படி 'இன்புட்மோட்' சேர்க்கலாம் என்று பதில் போட்டேன். 'நம்பர்' வகையில் தப்பான எழுத்து இருந்தால் மதிப்பு காலிச் சரமாகவே கிடைக்கும். பயனர் ஒன்றும் எழுதவில்லையா, தப்பாக எழுதினாரா என்று மதிப்பைப் பார்த்துச் சொல்ல முடியாது. பெட்டிக்குள் கர்சர் இருக்கும்போது மவுஸ் சக்கரம் உருண்டால் எண்ணும் உருளும் தொல்லை வேறு. பிரிட்டிஷ் அரசின் இணையப் படிவங்களை வடிவமைக்கும் குழுவே 2020-ல் இந்த வகையை விட்டு விலகியது. அதை மேற்கோள் காட்டியதும் ஒப்புக்கொண்டார்கள்.

கோலாகங்சார் வாத்தியார்:

சொல் பட்டியலைப் பற்றி நானும் ஒன்று சேர்க்கிறேன். இடைவெளிப் பிழை சரியானாலும் எங்கள் பள்ளியில் 'தோட்டம்' என்ற சொல் நிரம்பாது என்று நினைக்கிறேன். பழைய கோப்புகளிலிருந்து நகலெடுத்துப் பட்டியலில் ஒட்டிய சொற்களில் மட்டும் இப்படி நடக்கிறது. பழைய எழுத்துருக் கோப்புகளிலிருந்து யூனிகோடுக்கு மாற்றிய உரை எங்களிடம் நிறைய. அதில் 'தோ' என்பதன் ஓகாரக் குறி இரண்டு துண்டாக, முன்னால் ஏகாரக் கொம்பு, பின்னால் கால் என்று இருக்கிறது. விசைப்பலகையில் தட்டினால் ஒரே குறியீடாக வருகிறது. பார்வைக்கு ஒன்று, கணினிக்கு வேறு.

ஈப்போ நிரலன்:

அப்படியென்றால் முதல் எழுத்திலேயே பொருத்தம் தவறும். யூனிகோடு இரண்டையும் சமம் என்றே வரையறுத்திருக்கிறது. என்எஃப்சி முறையில் ஒருங்கமைத்தால் இரண்டு துண்டும் ஒரே குறியீடாகச் சேர்ந்துவிடும். ஜாவாஸ்கிரிப்டில் 'நார்மலைஸ்' என்ற செயல்பாடு அதைச் செய்யும். ஆனால் இதுவும் பதியும்போதுதான், தட்டும்போது அல்ல. ஒப்பிடும் இரு பக்கத்துக்கும் செய்ய வேண்டும்.

ஔகாரத்தில் மட்டும் கவனம் வேண்டும். 'கௌ' என்பதற்குப் பதில் 'கெ' போட்டுப் பக்கத்தில் 'ள' எழுத்தைத் தட்டியிருந்தால் அது உண்மையிலேயே வேறு எழுத்து. என்எஃப்சி அதைச் சேர்க்காது, சேர்க்கவும் கூடாது. அதைக் கையால்தான் திருத்த வேண்டும்.

கோலாகங்சார் வாத்தியார்:

புரிந்தது. பழைய கோப்புகளில் அதைத் தேடித் திருத்தும் வேலையை உயர்நிலைப் பிள்ளைகளிடம் கொடுக்கிறேன்.

மூலநிரல்:

திருத்தம் இணைந்துவிட்டது. தினமும் இரவில் தானாக உருவாகும் சோதனைப் பதிப்பில் வந்திருக்கும், போட்டுப் பாருங்கள். மாணவனின் சோதனைகளும் சேர்ந்தே போயிருக்கின்றன. 'கங்காணி' இனி ஒவ்வொரு மாற்றத்துக்கும் அங்கே தட்டப்படும்.

செம்பனைச்சாலை:

போட்டுவிட்டோம்! 18 என்று தட்டினால் 18. ஐயா ஆற அமர 1 தட்டி, கண்ணாடியைச் சரிசெய்து, 8 தட்டினார். பெட்டி அசையவில்லை. 'தஞ்சோங் ரம்புத்தான்' நடு இடைவெளியோடு நிற்கிறது. எம்17என் தமிழ்99-இல் எழுத்து இரட்டிக்கவில்லை. அடிக்கோடு இருக்கும்போதே தாவலை மூடிப் பார்த்தேன், சொல் பதிவாகியிருந்தது. எல்லாருக்கும் எங்கள் மண்டபத்தின் நன்றி.

ஆனால் இன்னொன்று மாட்டியிருக்கிறது. ஐயா 'தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம்' என்று பட்டியலில் தட்டினார். 'சங்க' என்பதோடு நின்றுவிட்டது. கடைசி 'ம்' ஏறவே மாட்டேன் என்கிறது. ஒட்டினாலும் வெட்டுப்படுகிறது.

ஈப்போ நிரலன்:

பார்த்தேன். அந்தப் பெட்டிக்கு 'மேக்ஸ்லெங்த்', அதாவது அதிகபட்ச நீளம், 32 என்று வைத்திருக்கிறார்கள். அது நாம் கண்ணால் எண்ணும் எழுத்தை எண்ணுவதில்லை, கணினி எழுத்தைச் சேமிக்கும் யூடிஎஃப்-16 அலகுகளை எண்ணுகிறது. தமிழில் உயிர்க்குறிக்கும் புள்ளிக்கும் தனித்தனி அலகு. 'தேசிய' என்பது நமக்கு 3 எழுத்து, அதற்கு 5. அந்தச் சங்கத்தின் பெயர் இடைவெளிகளோடு நமக்கு 21, அதற்கு 34. கடைசி 2 அலகு 'ம்'. அதைத்தான் வெட்டியிருக்கிறது. இன்னும் ஓர் அலகு கூடுதலாக இடம் கொடுத்திருந்தால் புள்ளி மட்டும் போய் 'சங்கம' என்று நின்றிருக்கும், அது இன்னும் மோசம்.

பினாங்கு மாணவன்:

உரையை எழுத்தெழுத்தாகப் பிரிக்கும் ஜாவாஸ்கிரிப்ட் வசதியான 'இன்டல் செக்மென்டர்' வைத்து எண்ணினால் நம் கணக்கே வரும் அண்ணா. குரோமியத்தில் இருக்கிறது, சஃபாரியிலும் இருக்கிறது, ஃபயர்ஃபாக்ஸிலும் 2024-இல் வந்துவிட்டது. உலாவிப் பதிப்புக்கும் சிக்கல் இல்லை.

மூலநிரல்:

அந்த 32 எதற்கு என்று வரலாற்றைத் தோண்டினேன். பட்டியல் பெட்டியின் அகலத்துக்குப் பொருந்தட்டும் என்று முதல் நாளில் போட்டது. இப்போது பெட்டி தானாக அகலமாகும், அந்த எல்லைக்கு வேலையே இல்லை. எண்ணும் முறையை மாற்றுவதைவிட எல்லையையே எடுத்துவிடலாம் என்பது என் கருத்து. தனி அறிக்கையாகப் போட்டுவிட்டேன். சங்கத்தின் பெயரையே மறு உருவாக்க எடுத்துக்காட்டாகக் கொடுத்திருக்கிறேன். மாணவா, இதற்கும் ஒரு சோதனை எழுத முடியுமா?

பினாங்கு மாணவன்:

இன்று இரவே எழுதுகிறேன். கிராணி ஐயா, உங்கள் பட்டியலில் இதைவிட நீளமான பெயர் ஏதாவது இருந்தால் அனுப்புங்கள், அதையும் சேர்த்துவிடுகிறேன்.

பழைய கிராணி:

இருக்கிறது தம்பி. தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம், சுங்கை சிப்புட் கிளை. நடுவில் காற்புள்ளியும் உண்டு. அதையும் விட்டுவிடாமல் போடு.